அக்சிலேற்றர் பெடலைக் காலுக்கு ஏற்றபடி அமைப்பது: எந்தக் காருக்கு எந்த வழி?

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியால் வவுனியாவுக்குப் போய் இறங்கும்போது வலது காலின் முன்பக்கம் விறைத்துப் போயிருந்தால், வயதைக் குறைசொல்ல முன் பெடலைப் பாருங்கள். அநேகமாகப் பெடல் நிற்கும் உயரமும் குதி ஊன்றும் இடமும் ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் இருக்கும். ஆனையிறவு தாண்டினால் வீதி நேராகக் கிடக்கிறது. மணிக்கு 70 கிலோமீற்றர் எல்லைக்குள் ஒரே வேகத்தைப் பிடித்தபடி பாதத்தை ஒரே கோணத்தில் நெடுநேரம் வைத்திருக்க வேண்டும். கஸ்தூரியார் வீதியில் நிலைமை வேறு. சைக்கிளுக்கும் ஓட்டோவுக்கும் இடையில் ஊர்ந்து போகையில் கால் ஓயாமல் பிறேக்குக்கும் அக்சிலேற்றருக்கும் மாறிக்கொண்டே இருக்கும். இந்த இரண்டு ஓட்டத்துக்கும் ஒரே அமைப்புத்தான் பொருந்திவர வேண்டும்.

அதற்கு வழிகள் பல உண்டு. சீற்றையும் குதி ஊன்றும் இடத்தையும் திருத்தலாம். கேபிள் வைத்த கார் என்றால் கேபிளைச் சரிசெய்யலாம். கேபிள் இல்லாமல் வயர் வழியாகக் காரின் கணினிக்குச் சமிக்ஞை அனுப்பும் எலக்ட்ரோனிக் பெடல் என்றால் அது பூட்டிய இடத்தில் வோசர் வைத்துச் சாய்க்கலாம். பெடலுக்கு மேல் தகடு பூட்டலாம், தண்டை வளைக்கலாம், பெடலின் சமிக்ஞையை மாற்றும் பெட்டி வாங்கிச் செருகலாம். கராச்சில் கேட்டால் பெரும்பாலும் தகடு அல்லது வளைப்பு என்றுதான் பதில் வரும். எங்கள் கருத்தில் அவை இரண்டும் கடைசியில் யோசிக்க வேண்டியவை. முறைப்பாடுகளில் பெரும்பகுதி குதி ஊன்றும் இடத்தைத் திருத்துவதோடு முடிந்துவிடும்.

முதலில் வலி எங்கே என்று பாருங்கள்

முன்கணைக்கால், அதாவது எலும்போரத்துத் தசை வலித்தால் பாதத்தை மேல்நோக்கித் தூக்கிப் பிடித்தபடி ஓட்டுகிறீர்கள். பெடல் உங்கள் குதிக்கு உயரமாக அல்லது மிகவும் செங்குத்தாக நிற்கிறது. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் பெடல் தூரம். விரல் நுனியால் எட்டி எட்டி அமத்துகிறீர்கள். முழங்கால் வலித்தால் சீற் கிட்டவாக இருக்கிறது. தொடையின் வெளிப்பக்கமோ இடுப்போ வலித்தால் பெடல் உங்கள் உடம்பின் நேருக்கு இல்லாமல் ஒரு பக்கம் விலகி நிற்கிறது. வலப்பக்கம் ஸ்ரியறிங் உள்ள சிறிய கார்களில் இது சாதாரணம். முன் வலது சில்லின் வளைவு கால் வைக்கும் இடத்துக்குள் புடைத்து வருவதால் பெடல்கள் எல்லாம் இடப்பக்கம் தள்ளிப் பூட்டப்பட்டிருக்கும். அந்த விலகலை எந்தத் தகடாலும் முழுக்கத் திருத்த முடியாது. சீற்றில் சற்று இடம்மாறி அமர்வதும், இடுப்புக்குக் கீழ் சீற் பள்ளமாகிப் போயிருந்தால் அதன் பஞ்சை மாற்றுவதும்தான் வழி.

வலி ஒன்றும் இல்லை, தொட்டவுடன் கார் பாய்கிறது அல்லது அமத்தினாலும் அசையமாட்டேன் என்கிறது என்றால் அது வேறு விடயம். அதற்குப் பெடலின் இடத்தை மாற்றி ஒரு பயனும் இல்லை.

சீற், குதி, கால்விரிப்பு

செலவில்லாத வழி இது. ஆனாலும் ஒழுங்காகச் செய்கிறவர்கள் குறைவு. முதுகைச் சீற்றோடு ஒட்டி இருந்து, பிறேக்கை முழுப் பலத்தோடு அமத்துங்கள். அப்போதும் முழங்கால் கொஞ்சம் மடிந்திருக்க வேண்டும். நீட்டிக்கொண்டு நின்றால் சீற்றை ஒரு பல் முன்னுக்கு எடுங்கள். நெஞ்சுக்கும் ஸ்ரியறிங்கின் நடுவுக்கும் இடையில் குறைந்தது 25 சென்ரிமீற்றர் இருக்கட்டும், காற்றுப்பை விரிய அந்த இடம் தேவை. சீற்றுக்கு உயரம் கூட்டும் பிடி இருந்தால் அதையும் பாவியுங்கள். சீற் உயர்ந்தால் கால் மேலிருந்து கீழாக இறங்கும், பெடலின் சரிவு பாதத்துக்கு இலகுவாகும்.

பிறகு குதி. பிறேக் பெடலுக்கு நேர்கீழே அல்லது மிகச் சற்று வலப்பக்கமாகக் குதியை ஊன்றி, அதைத் தூக்காமல் பாதத்தை மட்டும் திருப்பி அக்சிலேற்றரைத் தொட முடிகிறதா என்று பாருங்கள். பெருவிரலின் அடித்தசை பெடலின் நடுவில் விழ வேண்டும். உயரம் குறைந்தவர்களுக்கும் பாதம் சிறியவர்களுக்கும் இங்கேதான் சிக்கல். குதி தரையில் இருந்தால் விரல் பெடலின் அடி விளிம்பில்தான் படும்; மேலே வைத்தால் குதி அந்தரத்தில் தொங்கும். குதி தொங்கினால் முழுக் காலின் பாரத்தையும் தொடை தாங்க வேண்டிவரும், முன்கணைக்கால் வலியும் கூடவே வரும்.

இவர்களுக்கு நாங்கள் சொல்லும் தீர்வு குதிப்பலகை. 9 அல்லது 12 மில்லிமீற்றர் பிளைவூட்டில் ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் அகலமும் 15 சென்ரிமீற்றர் நீளமும் உள்ள துண்டு போதும். பெடல் பக்கமாக உள்ள விளிம்பைச் சரிவாகச் சீவிவிடுங்கள். இதைச் சும்மா தரையில் போடவே கூடாது. காருக்கென்றே அளவாக வந்த, கொளுக்கியில் மாட்டும் றபர் விரிப்பின் அடியில், பெரிய வோசரும் சிறு போல்ற்றும் போட்டு நான்கு இடத்தில் இறுக்குங்கள். விரிப்பு கொளுக்கியில் நின்றால் பலகையும் அசையாது. பெடலை முழுக்க அமத்தும்போது பலகையின் விளிம்புக்கும் பெடலின் நுனிக்கும் இடையில் ஓர் அங்குலமாவது இடைவெளி வேண்டும். 12 மில்லிமீற்றருக்கு மேல் தேவைப்பட்டால் முதலில் சீற்றை மீண்டும் பாருங்கள். குதி உயரும் அளவுக்குப் பிறேக்குக்குக் கால் மாறும் கோணமும் மாறும்.

விரிப்பைப் பற்றி இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. 2009ஆம் ஆண்டில் டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் இலட்சக்கணக்கான கார்களைத் திருத்தத்துக்கு அழைத்தது, அக்சிலேற்றர் பெடல் தரைவிரிப்பில் சிக்கி அமந்தபடியே நின்றுவிடும் ஆபத்துக்காக. அந்தத் திருத்தத்தில் பெடலின் அடிப்பகுதியையே வெட்டிக் குறுக்கினார்கள். எங்கள் பக்கத்தில் வலிகாமத்துச் செம்மண்ணுக்குப் பயந்து, இருந்த விரிப்புக்கு மேல் இன்னொன்றும் அதற்கு மேல் பத்திரிகைத் தாளும் போடுகிற பழக்கம் இருக்கிறது. ஓட்டுநர் பக்கத்தில் விரிப்பு ஒன்றே ஒன்றுதான், அதுவும் கொளுக்கியோடு.

குதிவார் இல்லாத றபர் செருப்போடு ஓட்டுவதையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். நடக்கும்போது அது காலைவிட்டுக் கழன்று மடிவது போலவே பெடலுக்கு அடியிலும் மடியும். மாரியில் நனைந்திருந்தால் சறுக்கும். பின்வார் உள்ள செருப்பு, அல்லது அடி மெல்லிய சப்பாத்து நல்லது.

கேபிள் வைத்த கார்கள்

பொனற்றைத் திறந்து பாருங்கள். எஞ்சினுக்குக் காற்றுப் போகும் குழாயின் வாயிலைத் திறந்து மூடும் த்ரொட்டிலுக்கு, காருக்குள்ளிருந்து ஒரு உருக்குக் கம்பி வந்து மாட்டியிருந்தால் அது கேபிள் கார். பழைய கொரோலா, சன்னி, மொரிஸ் மைனர் காலத்து வாகனங்களில் கேபிளோ இரும்புத் தண்டோ இருக்கும். இன்றைய ஹைபிரிட் கார்களில் இது கிடையாது.

கேபிளைச் சரிசெய்தால் பெடலின் தொடக்கத்து வெற்று ஓட்டம் கூடும் அல்லது குறையும். பெடலின் உயரம் மாறுவது சில மில்லிமீற்றர்தான். இதைத் தெரியாமல் பெடலை உயர்த்துவதற்காகக் கேபிளை இழுத்து இறுக்குவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. எஞ்சின் சூடாகி, நிறுத்தியபின் வேலையைத் தொடங்குங்கள். த்ரொட்டில் பக்கத்தில் கேபிளின் உறையை இரண்டு நட் பிடித்திருக்கும், சாதாரணமாக 10 அல்லது 12 ஸ்பனர். ஒன்றைத் தளர்த்தி மற்றதைத் திருப்பி, கேபிளை விரலால் அமத்தினால் சில மில்லிமீற்றர் தொய்யும் அளவில் நிறுத்தி, இரண்டையும் இறுக்குங்கள். வாகனத்தின் கைநூலில் அளவு கொடுத்திருந்தால் அதுவே முடிவு.

பிறகு இரண்டு சோதனைகள். பெடலை விட்ட நிலையில் த்ரொட்டிலின் கை தன் தடுப்பு ஆணியில் முட்டி நிற்க வேண்டும். ஒருவர் உள்ளே இருந்து பெடலை முழுக்க அமத்த, த்ரொட்டில் முழுக்கத் திறக்க வேண்டும். கேபிள் அதிகம் இறுகினால் ஐடில், அதாவது பெடலைத் தொடாதபோது எஞ்சின் சுற்றும் வேகம், உயரும். எஞ்சின் தன் தாங்கியில் ஆடும்போதெல்லாம் கேபிள் இழுபட்டு வேகம் ஏறி இறங்கும். ஏசியைப் போட்டு, ஓட்டோ கியர் என்றால் பிறேக்கை அமத்தியபடி டி-யில் போட்டுப் பார்த்தால் இந்தக் குறை வெளிப்படும். தடுப்பு ஆணியைத் திருப்பி ஐடிலைத் திருத்தப் பார்க்காதீர்கள், அது தொழிற்சாலையில் வைத்த அளவு. பழைய டொயோட்டா ஓட்டோ கார்களில் த்ரொட்டிலிலிருந்து கியர்பொக்ஸுக்கு இரண்டாவது கேபிள் ஒன்றும் போகும். அதைத் தவறுதலாகத் தொட்டால் கியர் மாறும் நேரமெல்லாம் குழம்பி, கியர்பொக்ஸே பழுதாகலாம்.

பெடல் பாரமாக இருக்கிறது என்பவர்களுக்கு, காரணம் பெரும்பாலும் துரு அல்லது கரி. கடற்காற்று அடிக்கும் ஊரில் கேபிளின் முனைதான் முதலில் துருப்பிடிக்கும். கேபிளை இரு முனையிலும் கழற்றிக் கையால் இழுத்துப் பாருங்கள். பட்டுப்போல ஓடாவிட்டால், அல்லது ஒரு இழை தானும் பிரிந்திருந்தால், எண்ணெய் விட்டுச் சமாளிக்காமல் புதிது போடுங்கள். கேபிள் நன்றாக ஓடியும் பெடல் இறுகினால் த்ரொட்டில் வாயிலைக் கிளீனர் போட்டுத் துடைக்க வேண்டும். பெடலை இலகுவாக்க, த்ரொட்டிலைத் திரும்ப மூடும் ரிற்றேன் ஸ்பிறிங் ஒன்றைக் கழற்றுவது மன்னிக்க முடியாத வேலை. இரண்டு ஸ்பிறிங் போட்டிருப்பதே, ஒன்று முறிந்தாலும் மற்றது த்ரொட்டிலை மூட வேண்டும் என்பதற்காகத்தான்.

எலக்ட்ரோனிக் பெடல்: வோசர் கணக்கு

இன்று வீதியில் ஓடும் அக்குவா, பிறியஸ் போன்ற ஹைபிரிட் எல்லாவற்றிலும் பெடல் ஒரு முழுத் தொகுதியாக வருகிறது. உள்ளே இரண்டு சென்சர். ஒவ்வொன்றுக்கும் மூன்று வயராக மொத்தம் ஆறு. இரண்டும் சொல்வதைக் கணினி ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துவராவிட்டால் பி2138 போன்ற பிழைக்குறி விழுந்து, எஞ்சின் விளக்கு எரிந்து, கார் மிகக் குறைந்த பலத்தில்தான் நகரும். ஆகவே தொகுதியைத் திறக்கவே கூடாது. அது பூட்டப்பட்டிருக்கும் கோணத்தை மாற்றலாம். சென்சர் தொகுதிக்குள்ளேயே இருப்பதால் முழுத் தொகுதியையும் சாய்த்தாலும் அதன் பூச்சிய அளவு மாறாது. இதுதான் இந்த வழியின் பெரிய பலம்.

தொங்கும் பெடலில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக, அல்லது மூன்றாக, பெரும்பாலும் 10 ஸ்பனர் பிடிக்கும் போல்ற்றுகள் இருக்கும். மேல் போல்ற் இருக்கும் இடத்தில் தொகுதிக்கும் காரின் முன்சுவருக்கும் நடுவில் வோசர் வைத்தால் தொகுதியின் தலை உங்கள் பக்கம் வரும், பெடலின் மிதிபகுதி முன்சுவரை நோக்கி உள்ளே போகும். கீழ் போல்ற்றில் வைத்தால் மிதிபகுதி உங்கள் பக்கம் வரும். எல்லாவற்றிலும் சமமாக வைத்தால் பெடல் கோணம் மாறாமல் கிட்டவாகும்.

எவ்வளவு என்பதை அளந்து கணக்கிடலாம். போல்ற்றுகளுக்கு இடையில் 60 மில்லிமீற்றர், கீழ் போல்ற்றிலிருந்து மிதிபகுதியின் நடு வரை 200 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் போல்ற்றில் 2 மில்லிமீற்றர் வோசர் வைத்தால் மிதிபகுதி 2 × 200 ÷ 60, அதாவது ஏறக்குறைய 6.7 மில்லிமீற்றர் உள்ளே போகும். முன்கணைக்கால் வலி குறைய இது போதும். சும்மா கைக்கு வந்த வோசரை அடுக்கினால் 20 மில்லிமீற்றர் போய், பெடல் கார்ப்பெற்றில் முட்டி நிற்கும்.

வேலையைத் தொடங்க முன், காரின் கணினி காணும் அளவுகளை வாசிக்கும் ஓபிடி ஸ்கானர் ஒன்றைச் செருகி, எஞ்சின் ஓடாமல் சாவியை மட்டும் போட்டு, பெடலை விட்ட நிலையிலும் முழுக்க அமத்திய நிலையிலும் வரும் அளவுகளை எழுதி வையுங்கள். பல டொயோட்டாக்களில் முதல் சென்சர் விட்ட நிலையில் 0.5 முதல் 1.1 வோல்ற், இரண்டாவது 1.2 முதல் 2.0 வோல்ற் காட்டும். பிறகு சாவியை எடுத்து, வயர் செருகியின் பூட்டை மெதுவாக விடுவியுங்கள். பழைய பிளாஸ்ரிக், இழுத்தால் உடையும். தட்டையான உருக்கு வோசர்தான் வேண்டும். றபர் நாளடைவில் நசுங்கி போல்ற் தளரும். தொகுதியின் பின்னால் சுவருக்குள் போகும் சிறு ஊசி இருந்தால், அது வெளியே வந்துவிடும் அளவுக்கு வோசர் வைக்கக் கூடாது. எம்6 (6 மில்லிமீற்றர் விட்டம்) போல்ற் என்றால் அதன் திருகுப்புரி குறைந்தது 6 மில்லிமீற்றராவது உள்ளே பிடிக்க வேண்டும். போதாவிட்டால் அதே தரத்தில் நீளமான போல்ற் போடுங்கள். இறுக்குவது மணிக்கட்டின் பலத்துக்குள் நிற்கட்டும்.

பூட்டியபின் மீண்டும் அளவெடுங்கள். விட்ட நிலையின் அளவு மாறியிருந்தால் ஏதோ பெடலைத் தடுக்கிறது. முழுக்க அமத்திய அளவு குறைந்திருந்தால் மிதிபகுதி தரையில் முட்டுகிறது. ஒரு வோசரைக் குறையுங்கள். முந்திச் செல்லும்போது தேவைப்படும் முழுப் பலம் கிடைக்காமல் போவது சின்ன விடயமில்லை.

இந்தப் பெடல்களுக்குள் எண்ணெய் அடிக்க வேண்டாம். பழைய கேபிளின் உராய்வு உணர்வைத் தருவதற்காகவே உள்ளே உராய்வுத் துண்டு வைத்திருக்கிறார்கள். அமத்துவதற்குத் தேவையான பலத்தைவிடப் பிடித்து வைத்திருக்கக் குறைந்த பலம் போதும் என்பது அதனால்தான். எண்ணெய் பட்டு அந்த உராய்வு போனால், ஸ்பிறிங்கின் தள்ளலைக் கால் ஓயாமல் எதிர்க்க வேண்டிவரும். ஏ9 பயணம் முன்னையைவிடக் களைப்பாகும்.

மிதிபகுதி தரையோடு பொருத்தப்பட்ட வகை என்றால் வோசர் உதவாது. அங்கே குதிப்பலகைதான்.

தகடும் வளைப்பும்

அலுமினியத் தகடு கடையில் சுலபமாகக் கிடைக்கும். ஒடுக்கமான மிதிபகுதியால் விரல் மரத்துப்போகிறவருக்கு அகலம் கூடுவது உண்மையில் உதவும். ஆனால் தகடு 5 முதல் 10 மில்லிமீற்றர் தடிப்பைக் கூட்டுகிறது. அக்சிலேற்றர் உயர்ந்தால் பிறேக்குக்கும் அதற்கும் உள்ள மட்ட வித்தியாசம் குறையும். பிறேக் எப்போதும் உங்கள் பக்கமாக உயர்ந்து நிற்க வேண்டும். அவசரத்தில் பாதம் பாதி விலகி விழுந்தாலும் அக்சிலேற்றரையும் சேர்த்து அமத்தாமல் காப்பது அந்த வித்தியாசம்தான். இடுக்கி முறையில் பிடிக்கும் தகடு தளர்ந்து சரிந்தால் இன்னும் மோசம். போடத்தான் வேண்டும் என்றால் றபர் பொட்டு உள்ளதாய், பின்தகட்டோடு போல்ற் போட்டு இறுக்குவதாய், பிறேக் பக்கமாக அகலாததாய்ப் பாருங்கள்.

தண்டை வளைப்பது பழைய உருக்குத் தண்டுகளுக்கு மட்டும். அதுவும் கழற்றி, வைஸில் பிடித்து, சூடாக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக. காரில் இருந்தபடியே குழாய் போட்டு நெம்பினால் பெடலின் புஷ்ஷும் சுவரின் தகடும் நெளியும், பெடல் திரும்பி வராமல் சிக்கும். பிளாஸ்ரிக் தண்டுக்கு வளைப்பு என்ற பேச்சே இல்லை.

சமிக்ஞைப் பெட்டி

பெடலுக்கும் வயர் செருகிக்கும் நடுவில் மாட்டும் இந்தப் பெட்டி, நீங்கள் 40 வீதம் அமத்தினால் 60 என்று கணினிக்குச் சொல்லும். எதிர்த்திசையில் குறைத்தும் சொல்லும். எஞ்சினுக்கு இதனால் ஒரு பலமும் கூடாது. பெடலை ஆழமாக அமத்திக் கணைக்கால் களைக்கிறவருக்கு ஓரளவு பயன் உண்டு. ஆனால் பாடசாலை விடும் நேரத்தில் சந்தியைக் கடக்கிறவருக்குத் துடியான பெடல் தேவையில்லை. காரிலேயே இருக்கும் எக்கோ, பவர் பொத்தான்கள் இதே வேலையைச் செய்கின்றன, முதலில் அவற்றை ஒரு கிழமைக்கு மாற்றிப் பாருங்கள். வயரை வெட்டி ஒட்டும் பெட்டி எதையும் எங்கள் காரில் நாங்கள் விடமாட்டோம்.

வலது காலால் இயலாதவர்களுக்கு

போர் இந்த மண்ணில் பலரின் காலை எடுத்துவிட்டது. வலது செயற்கைக் காலோடு ஓட்டுபவருக்குக் கணுக்காலில் உணர்வு இல்லை. எவ்வளவு அமத்துகிறோம் என்பது முழங்காலிலிருந்துதான் தெரிய வேண்டும். அவர்களுக்கு வோசரோ தகடோ தீர்வாகாது. ஓட்டோ கியர் காரில் பிறேக்குக்கு இடப்பக்கமாக இன்னொரு அக்சிலேற்றர் பொருத்தி, பழைய பெடலுக்கு மறைப்பு வைப்பது, அல்லது கையால் இயக்கும் அமைப்பு என்பன உண்டு. இடப்பெடல் மடக்கக்கூடியதாக இருக்க வேண்டும். வீட்டில் வேறொருவர் அதே காரை எடுக்கும்போது அது மடிந்து, வலப்பெடல் திறந்திருக்க வேண்டும். இது பூட்டிய பின் வெறும் வளவில் பல நாள் பழகாமல் வீதிக்கு வரக்கூடாது. சாரதி அனுமதிப்பத்திரத்துக்கும் காப்புறுதிக்கும் இந்த மாற்றத்தை அறிவித்து எழுத்தில் வாங்கி வையுங்கள்.

வேலை முடிந்த பின்

எந்த வழியைத் தெரிந்தாலும் ஓட முன் நின்ற இடத்திலேயே சில சோதனைகள். வீட்டில் உள்ள மிக அகலமான சப்பாத்தைப் போட்டுப் பிறேக்கை முழுப் பலத்தோடு அமத்துங்கள். சப்பாத்தின் ஓரம் அக்சிலேற்றரைத் தொடக்கூடாது. பெடலை அடிவரை அமத்திச் சட்டென்று விடுங்கள். ஒவ்வொரு தடவையும் சத்தத்தோடு முழுக்கத் திரும்ப வேண்டும். விரிப்பை வேண்டுமென்றே முன்னுக்குத் தள்ளி அதே சோதனையை மீண்டும் செய்யுங்கள். முதல் ஓட்டத்துக்கு ஏ9 வேண்டாம். சனமில்லாத ஒழுங்கையில் போய்த் திரும்பி, கிழமை ஒன்று போனதும் போல்ற்றுகளை ஒருதரம் மீண்டும் தொட்டுப் பாருங்கள்.